சிலிக்கோன் உறை போட்டால் கீபோர்டு விசை ஏன் மந்தமாகிறது?

கேள்வி: கடை பில் மேசையில் மெக்கானிக்கல் கீபோர்டு. தூசிக்கும் தேநீருக்கும் பயந்து சிலிக்கோன் உறை போட்டோம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும் பிரவுன் வகை ஸ்விட்சில் விரலுக்குத் தெரியும் அந்தச் சின்ன இடறலே காணோம். ஸ்விட்ச் கெட்டுவிட்டதா?

பதில்: ஸ்விட்ச் மேல் பழி போடாதீர்கள். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் பிரவுன் ஸ்விட்ச் 2 மி.மீ. இறங்கியதும் எழுத்தைப் பதியும். முழு இறக்கம் 4 மி.மீ. அந்த ஆழத்துக்கு உறையும் கூடவே இழுபட வேண்டும். அழுத்த அழுத்த அதன் எதிர்ப்பு கூடும். பிரவுனின் இடறலோ இயல்பிலேயே மெலிது, அதில் அமுங்கிவிடும். விசை மேலே வரும்போது ஸ்பிரிங் உறையையும் சுமப்பதால் திரும்புவதும் தாமதம். லேப்டாப் விசை இறங்குவது குறைவு. அங்கே இவ்வளவு உறுத்தாது.

உறை உங்கள் மாடலுக்கென வார்த்ததா என்று பாருங்கள். பொது உறை இறுக்கமாக இருந்தால் பக்கத்து விசையையும் இழுக்கும். ஒரு விசையை மெதுவாக அழுத்தி விடுங்கள். தயங்கி எழுந்தால் அந்த உறை வேண்டாம்.

கழுவிய உறையை முழுக்கக் காயவைத்தே போடுங்கள், ஈரம் உள்ளே சிக்கும். எங்கள் யோசனை: தட்டச்சு செய்யும்போது உறையைக் கழற்றிவிட்டு, கடை மூடும்போது மூடுங்கள். தேநீர் பயம் தீராவிட்டால் கைல் நிறுவனத்தின் பாக்ஸ் ஸ்விட்ச் உண்டு, தூசி, நீர் காப்பைக் குறிக்கும் ஐபி56 தரம். ஆனால் அந்தக் காப்பு ஸ்விட்சுக்குத்தான், அடியிலுள்ள சர்க்யூட் பலகைக்கு அல்ல.

'ஸ்விட்ச் ஃபிலிம்' வாங்கி ஏமாறாதீர்கள். அது ஸ்விட்ச் கூட்டின் இரு பாதிகளுக்கு இடையே ஆட்டத்தைக் குறைக்க வைப்பது, தூசியைத் தடுக்காது.