மறுமொழி: வெளிவராத பாடல்களை எப்படிப் பட்டியலிடுவது?
ஆஸ்கேப், பிஎம்ஐ (பாடல் எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் அமெரிக்க அமைப்புகள்) தளங்களில் நீங்கள் பட்டியலிடும் பாடகியின் பெயரில் கிடைக்கும் தலைப்புகளை எல்லாம் 'வெளிவராதவை' என்று ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. அங்கே பதிவாவது மெட்டும் வரிகளும்தான். அவர் எழுதி வேறொருவர் பாடியதாக இருக்கலாம், ஒலிப்பதிவே நடக்காமலும் போயிருக்கலாம். அவற்றைத் தனிப் பட்டியலாக வையுங்கள்.

வெளிவந்தவற்றுக்கு ஐஎஸ்ஆர்சி எண்தான் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் தனி அடையாள எண்) பிடிமானம். மொத்தம் 12 எழுத்தும் எண்ணும், ரீமிக்ஸ் என்றால் வேறு எண், அதே ஒலிப்பதிவு இன்னொரு ஆல்பத்தில் வந்தால் பழைய எண்ணே தொடர வேண்டும். நடுவில் வரும் இரண்டு இலக்கத்தைப் பார்த்து வெளியான ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள், அது எண் ஒதுக்கிய ஆண்டு (நிறையப் பேர் சறுக்கும் இடம்).

அப்புறம், கசிந்த டெமோக்களுக்கு (வெளியீட்டுக்கு முந்தைய மாதிரி ஒலிப்பதிவுகள்) ரசிகர்கள் வைத்த பெயரையும் ஆஸ்கேப், பிஎம்ஐ பதிவிலுள்ள தலைப்பையும் ஒரே வரியில் போடுங்கள், இல்லையென்றால் ஒரே பாட்டு இரண்டு தடவை ஏறிவிடும்.