பாட்டி விரட்டுகிற ‘ஸ்கிடாடில்’

கேள்வி: ஆங்கிலச் சிறுவர் கதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். அடுப்படியில் மொய்க்கும் பேரப்பிள்ளைகளைப் பாட்டி ‘ஸ்கிடாடில்!’ என்று விரட்டுகிறார். அகராதிப்படி ‘தப்பி ஓடுங்கள்’ என்று எழுதினால் யாரோ கத்தியோடு துரத்துவதுபோல் இருக்கிறது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் என்ன எழுதலாம்?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. அந்தச் சொல்லில் ஓட்டம் பாதி, கேலி பாதி.

அது பரவலானது அமெரிக்க உள்நாட்டுப் போரில். 1861 ஆகஸ்டில் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் அச்சேறியது. தங்களைக் கண்டதும் தெற்கத்திப் படையினர் ஓட்டம் பிடிப்பதை வடக்குச் சிப்பாய்கள் இப்படிச் சொல்லிச் சிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தின மாதம்தான் புல் ரன் போரில் வடக்குப் படையே வாஷிங்டன் வரை ஓடியிருந்தது. அப்புறம், கட்டாய ராணுவ சேவைக்கு டிமிக்கி கொடுத்துக் கனடாவுக்குப் போனவர்களுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ‘ஸ்கிடாடில் ரிட்ஜ்’ என்று ஓர் இடமே இருக்கிறது.

வேர் எது என்பதில்தான் சண்டை. ‘சிதறடி’ என்று பொருள்படும் கிரேக்க வினை ‘ஸ்கெடன்னுமி’ என்பார்கள் சிலர். கூடாரத்துச் சிப்பாய்க்குக் கிரேக்கம் எதற்கு? நான் நம்பவில்லை. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் பக்கம் பால்காரப் பெண்கள் பால் சிந்துவதை இப்படிச் சொல்வதாக, போர் நடக்கும்போதே ஒரு பிரபு லண்டன் டைம்ஸுக்கு எழுதினார். முடிவான தீர்ப்பு இல்லை. என் மனம் பால் பக்கம்தான் சாய்கிறது. காரணம், தமிழிலும் பாலும் தெறிக்கும், ஆளும் தெறித்து ஓடுவான்.

சரி, உங்கள் பாட்டிக்கு வருவோம். அவர் கோபக்காரர் இல்லை. “ஓடுங்க, ஓடுங்க! அடுப்படியில உங்களுக்கென்ன வேலை?” என்றாலே போதும். அதே சொல் கதைசொல்லியின் வாயில் வந்தால் ‘கம்பி நீட்டினான்’ பொருந்தும். நான்கைந்து பேர் சேர்ந்து ஓடினால் ‘தெறித்து ஓடினார்கள்’. ‘எஸ்கேப் ஆனான்’ இன்றைய நகரத்துக் கதைக்குச் சரி, பழைய காலக் கதையில் உறுத்தும். குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடும் மக்களைப் பற்றி எழுதும்போது மட்டும் இவை எதுவும் வேண்டாம். அங்கே ‘தப்பி ஓடினார்கள்’தான்.