ஊராட்சியின் பேரிடர்த் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வேதாரண்யம் பகுதியில் உள்ள கடலோர ஊராட்சி ஒன்றில் நான் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். ஊருக்கு அருகில் புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைத் திட்டம் என்ற கோப்பும் இருக்கிறது. ஆனாலும் கஜா புயல் வந்தபோது பலர் வீட்டை விட்டு நகரவில்லை; புயலுக்குப் பிறகு பல வாரம் தவித்தோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் மகளிர் குழுக்களை வைத்துக்கொண்டு நாங்களாகவே செய்யக்கூடியது என்ன? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். தாமாக எழுந்து பாதுகாப்பு மையத்துக்கு வர முடியாதவர்கள் யார் யார், அவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து வரும் பொறுப்பு யாருடையது என்பதைத் தெருவாரியாக எழுதிவிட்டால், உங்கள் வேலையில் கடினமான பாதி முடிந்துவிடும். கட்டடமும் ஜெனரேட்டரும் அதற்கு அடுத்தவைதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கஜாவே சான்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடப்பதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. சுமார் 80,000 பேர் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். அதே கடற்கரையைத் தாக்கிய 1952, 1977 புயல்களோடு ஒப்பிட்டால் உயிரிழப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் காற்று எல்லா வீட்டின் மீதும் ஒன்றாக வீசினாலும் பாதிப்பு ஒன்றாக இருக்கவில்லை. மாடி வீட்டுக்காரருக்கு அது சில நாள் மின்சாரமில்லாத சிரமம். குடிசையில் இருந்தவருக்கு வீடே போயிற்று. விழுந்த தென்னை மரத்துக்கு ரூ.1,100 என்று அரசு நிவாரணம் அறிவித்தபோது, அந்தக் கணக்கு நிலத்தையும் மரத்தையும் வைத்துப் போடப்பட்டது. அதே தோப்பில் மரம் ஏறியவருக்கும் மட்டை உரித்தவருக்கும் கீற்று முடைந்த பெண்ணுக்கும் மரத்தோடு பல ஆண்டு வருமானமே விழுந்துபோனது. அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. யார் எதை இழந்தால் மீண்டும் எழ முடியாது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதுதான் நீங்கள் தேடும் திட்டத்தின் அடிப்படை.

பட்டியலைத் தயாரிக்க வெளியிலிருந்து நிபுணர் யாரும் வரத் தேவையில்லை. பள்ளி வளாகத்திலோ கோயில் திடலிலோ கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைத் தரையில் போடுங்கள். தண்ணீர் எந்தத் தெருவில் முதலில் நிற்கும், எந்த வடிகால் அடைத்துக்கொள்ளும், எந்தப் பாதை மரம் விழுந்து மறிபடும் என்பதை ஊரார் வாயாலேயே சொல்ல வைத்துக் குறியுங்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்கார வைப்பது நல்லது. ஆண்கள் சாலையையும் படகுத் துறையையும் பற்றிப் பேசுவார்கள். எந்த வீட்டில் நிறைமாத கர்ப்பிணி இருக்கிறார், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார், யாருக்கு இன்சுலின் ஊசி தேவை என்பதெல்லாம் பெரும்பாலும் பெண்களிடமிருந்துதான் வரும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணிகளின் விவரமும், அங்கன்வாடிப் பணியாளரிடம் குழந்தைகளின் விவரமும் இருக்கும். அவர்களையும் உட்கார வையுங்கள். ஊரின் ஓரத்தில், தாழ்வான இடத்தில் இருக்கும் குடியிருப்புகளையும், வேலைக்காக வந்து தங்கியிருக்கும் வெளியூர்க் குடும்பங்களையும் நீங்களே நேரில் போய்ச் சேருங்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் பட்டியலிலும் வராமல் போவார்கள். மீட்பு வண்டியும் நிவாரணப் பொட்டலமும் கடைசியாகச் சென்று சேரும் இடம் எப்போதும் அந்த ஓரக் குடியிருப்புகளே.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பேரை எழுதுங்கள். ஒருவர் மட்டும் போதாது. புயல் வரும் நாளில் அவர் கடலிலோ வெளியூரிலோ இருக்கலாம். வானிலை ஆய்வுத் துறை, புயலின் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் ஓர் அறிவிப்பையும், 24 மணி நேரத்துக்கு முன் அடுத்த எச்சரிக்கையையும் தருகிறது. முதல் அறிவிப்பு வந்ததுமே பிரசவ நாள் நெருங்கியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மருத்துவமனை உள்ள நகரத்துக்குச் சென்றுவிட வேண்டும். இரண்டாவது வரும்போது படுக்கையில் இருப்பவர்களும் குடிசைவாசிகளும் பகல் வெளிச்சத்திலேயே மையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஊரே கூடி முடிவெடுத்து வையுங்கள். இரவில், காற்று கிளம்பிய பிறகு முதியவரைத் தூக்கிச் செல்வது மிகவும் ஆபத்தானது.

பலர் ஏன் நகரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அறியாமை என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களுடைய காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. ஆட்டையும் மாட்டையும் யாரிடம் விட்டு வருவது, பூட்டிய வீட்டில் திருட்டு நடந்தால் என்ன செய்வது, நூறு பேருக்கு இரண்டே கழிப்பறை உள்ள கட்டடத்தில் வயதுப் பெண்ணை எப்படித் தங்க வைப்பது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் யாரும் வர மாட்டார்கள். வங்கதேசம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1970 புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் சுமார் 1.4 லட்சம் பேர் இறந்தார்கள், அவர்களில் பெண்களே மிகுதி. 1972இல் தொடங்கிய தன்னார்வலர் அமைப்பை அவர்கள் ஊர் ஊராக வளர்த்தார்கள். பெண் தன்னார்வலர்களைப் பெருமளவில் சேர்த்தார்கள். மையங்களில் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். கால்நடைகளுக்காக உயரமான மண் மேடுகளை எழுப்பினார்கள். 2020இல் ஆம்பன் புயல் வந்தபோது அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கை சில பத்துகளோடு நின்றது. உங்கள் ஊரிலும் கால்நடைகளுக்கு ஒரு மேட்டு நிலத்தையும், காலியான தெருக்களைப் பார்த்துக்கொள்ள இளைஞர் குழு ஒன்றையும் இப்போதே முடிவு செய்யலாம்.

அடுத்தது மையம். புயல் நாளில் மட்டும் திறக்கப்படும் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி வெடித்திருக்கும், கழிப்பறைக் கதவு பூட்டிக்கொள்ளாது, ஜெனரேட்டர் ஓடாது. மகளிர் குழுக் கூட்டத்தையும் மருத்துவ முகாமையும் அங்கேயே நடத்துங்கள். பழுது தானாகவே கண்ணில் படும். நல்லவாடு இதற்கு நல்ல பாடம். புதுச்சேரியை அடுத்த அந்த மீனவக் கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரத்தையும் கடலின் நிலையையும் அதன் ஒலிபெருக்கியில் அறிவிப்பது வழக்கம். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். வாசலில் கடல்நீர் ஏறுகிறது என்று வீட்டிலிருந்தவர்கள் சொன்னதும், ஊரை எச்சரித்துவிட்டு உடனே வெளியேறச் சொன்னார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் தப்பின. பழகிய குரல், பழகிய ஒலிபெருக்கி என்பதால் அந்த அறிவிப்பை யாரும் சந்தேகிக்கவில்லை. உங்கள் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளை பேட்டரியிலும் இயங்கும்படி செய்து வையுங்கள். மையத்தின் சாவி மூன்று பேரிடமாவது இருக்கட்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

புயலுக்குப் பிந்தைய வாரங்களைத் திட்டக் கோப்புகள் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. கஜாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்ததால், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவே பல ஊர்கள் ஜெனரேட்டரை வாடகைக்குத் தேடி அலைந்தன. ஜெனரேட்டர் வைத்திருப்பவர், மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவர், டிராக்டர் வைத்திருப்பவர் ஆகியோரின் எண்களையும் வாடகையையும் இப்போதே பேசி முடித்து எழுதி வையுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, குத்தகை விவசாயிகள் பயிர்க் காப்பீட்டில் சேர, எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்பதைக் காட்டும் அடங்கல் சான்று வேண்டும். சம்பாவுக்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வந்துவிடுவதால், கிராம நிர்வாக அலுவலரிடம் அதை முன்னதாகவே வாங்க மகளிர் குழுக்கள் உதவலாம். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நெகிழி உறையில் போட்டு ஒரே இடத்தில் வைக்கும் பழக்கத்தை வீடுதோறும் ஏற்படுத்துங்கள். நிவாரண வரிசையில் தாள் இல்லாமல் நின்றவர்களின் துயரத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கஜாவை மட்டும் அளவுகோலாக வைத்துத் திட்டமிடாதீர்கள். அது முதன்மையாகக் காற்றின் பேரிடர். அடுத்தது நீரின் பேரிடராக வரலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, அந்தப் பகுதியில் யாருடைய நினைவிலும் அப்படி ஒரு மழை இல்லை. கடல் வெப்பமாகி வரும் காலத்தில் பெரியவர்களின் அனுபவம் இன்றும் மதிப்புள்ளது, ஆனால் ‘இதுவரை இங்கே தண்ணீர் வந்ததில்லை’ என்ற சொல்லை மட்டும் நம்பி ஒரு தெருவைப் பட்டியலிலிருந்து விடக்கூடாது. ஆகாயத்தாமரை அடைத்த வடிகால்களையும் மண் மேடிட்ட முகத்துவாரத்தையும் புரட்டாசிக்குள் தூர்வாரக் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். ஆகஸ்ட் 15 சபைக்கே கொண்டுபோக முடிந்தால் தூர்வாரும் பணிக்கு நேரம் கிடைக்கும். தீர்மானத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல்லுங்கள். நோயும் முகவரியும் அடங்கிய பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். தெருப் பொறுப்பாளர்களிடமும், கிராம நிர்வாக அலுவலரிடமும், சுகாதாரச் செவிலியரிடமும் ஒவ்வொரு படி இருந்தால் போதும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களை மட்டும் எல்லா வீட்டிலும் எழுதி வையுங்கள்.