ஆஸ்பத்திரி வேலையாகத் திருநெல்வேலியில் சில வாரம் தங்க லாட்ஜ் நல்லதா, சர்வீஸ் அபார்ட்மெண்ட் நல்லதா?

ஒரு ராத்திரி தங்கி நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு அல்வாவோடு கிளம்புகிறவர்களுக்கு ஜங்ஷன் லாட்ஜே போதும். கண்புரை ஆபரேஷனுக்கு அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் அதுதான் பக்கம். நீங்கள் கேட்டிருப்பது அப்பாவின் மூட்டு ஆபரேஷனும் அதற்குப் பிந்திய ஓய்வும். அதற்குச் சர்வீஸ் அபார்ட்மெண்ட்தான் நல்லது, அதாவது சாமான்களோடு நாள், வார வாடகைக்குக் கிடைக்கிற வீடு. பாளையங்கோட்டைப் பக்கம் சமையலறையோடு ஒன்று எடுங்கள். மகாராஜநகர், தியாகராஜநகர், பெருமாள்புரம் எல்லாமே அமைதியான குடியிருப்புகள். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கும் வண்ணார்பேட்டைத் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம்.

அம்மாவின் சிகிச்சைக்காக நாங்கள் மகாராஜநகரில் அப்படித்தான் தங்கினோம். எங்களைக் காப்பாற்றியது அந்தச் சமையலறைதான். மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் கீரையும் காயும் அன்று பறித்ததாகக் கிடைக்கும். வெயில் ஏறிவிட்டால் நல்லதெல்லாம் தீர்ந்துவிடும். ஹோட்டல் இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா, உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வைத்துக் கொடுத்த அன்று இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டாள். எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. உடம்பு தேறுகிறவர்களுக்கு மாத்திரைக்கு அடுத்தபடி வேண்டியது வாய்க்குப் பழகிய சாப்பாடு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் விளம்பரத்தில் ‘சமையலறை உண்டு’ என்று இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். சில இடங்களில் ஒரு இண்டக்ஷன் அடுப்பும் ரெண்டு பாத்திரமும்தான் இருக்கும். கேஸ் அடுப்பு, குக்கர், மிக்சி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் கரண்ட். பராமரிப்புக்காக மின்வாரியம் மாதம் ஒருநாள் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணிவரை சப்ளையை நிறுத்துவது இங்கே வழக்கம். நாங்கள் முதலில் பார்த்த ஒரு கட்டடத்தில் லிப்ட் பளபளவென்று இருந்தது, ஜெனரேட்டர் இல்லை. மூன்றாம் மாடியில் வாக்கரோடு ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? தரைத்தளம் கிடைத்தால் அதையே எடுங்கள். பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா, வாசலில் எத்தனை படி, குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீரா போர்த் தண்ணீரா என்றும் கேட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசியில் வருவதாக இருந்தால் மேற்குப் பார்த்த படுக்கையறை வேண்டவே வேண்டாம், சாயங்கால வெயிலில் சுவர் கொதிக்கும். ஆனி, ஆடி என்றால் அதே ஜன்னலில் காற்று அள்ளிக்கொண்டு வரும்.

வாடகையை வாரக் கணக்கில் பேசுங்கள், குறையும். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், கூடக் கேட்டால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். அடையாளத்துக்கு, கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அக்கம்பக்கம். இது லாட்ஜ் இல்லை, சுற்றிலும் குடும்பங்கள் இருக்கிற தெரு. பார்க்க வரும் சொந்தக்காரர்களின் கார் யார் கேட்டையும் மறிக்காமல், ராத்திரி சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் தெருவே உங்களுக்குத் துணை நிற்கும். எதிர்வீட்டு ஆச்சி எங்களிடம் முதல் வாரமே, “அம்மாவுக்கு வென்னி வேணும்னா கூப்பிடுங்க, எந்நேரமானாலும் வச்சுத் தாரேன்” என்றார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஒரு ராத்திரி வீட்டைப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான்.

ஆபரேஷன் தேதி முடிவானதுமே போன் போட்டுவிடுங்கள். தரைத்தள வீடுகள்தான் முதலில் போய்விடும்.