விடுதிக்குப் போன பிள்ளையும் ஜன்னலோரச் செடியும்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. வீட்டில் இருந்தவரை பொழுதெல்லாம் தோட்டத்தில்தான் கிடப்பாள். விடுதியில் சேர்த்துப் பத்து நாளாகிறது. தினமும் போனில் அழுகிறாள். "என் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறாள். ஒரு செடியைக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: தாராளமாக. அவள் கேட்கும் அந்த முதல் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. உங்களை மட்டுமல்ல, தினமும் தன் கையால் செய்துவந்த வேலையையும் அவள் இழந்திருக்கிறாள். அந்த வேலையைத் திருப்பிக் கொடுங்கள்.

பூச்செடி மட்டும் வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு நேர் வெயில் பல மணி நேரம் தேவை; அறை ஜன்னலில் அது கிடைக்காமல் வாடும். ஏற்கெனவே கலங்கியிருக்கும் பிள்ளை அதைத் தன் தவறென்று எடுத்துக்கொள்ளும். மணி பிளான்ட் கொடியில் இரண்டு மூன்று கணு உள்ள துண்டை வெட்டி, தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் வைத்துக் கொடுங்கள். ஒரு கணுவாவது நீரில் மூழ்க வேண்டும், வேர் அங்கிருந்துதான் வரும். நீருக்குள் இலை இருந்தால் அழுகும், கிள்ளிவிடுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். நிறமில்லாத கண்ணாடியில் பாசி பிடிக்கும் என்பதால் நிறமுள்ள பாட்டில் நல்லது. இலையை மென்றால் வாய் எரியும். அறையில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சொல்லிவையுங்கள்.

செடியைவிட முக்கியம், வெளியே அவளுக்கென்று ஓர் இடம். வார்டனிடம் அனுமதி கேளுங்கள்: மாலையில் 15 நிமிடம், தினமும் அதே மரத்தடி, ஒரு நோட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். கண்டதை மூன்று வரி எழுதட்டும். முதல் நாள் 'எறும்பு' என்று மட்டும் எழுதுவாள். நாலைந்து நாளில், இளந்தளிரின் அடியில் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சின்னப் பூச்சி மொய்த்திருப்பதும், அது விடும் இனிப்புத் துளிக்காக எறும்பு தன் உணர்கொம்பால் அதைத் தட்டிக்கொண்டு நிற்பதும் கண்ணில் படலாம். வேறொரு பிள்ளை எட்டிப் பார்க்கும். நட்பு பெரும்பாலும் இப்படித்தான் துளிர்க்கிறது. மாலை நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வகுப்பு முடிந்து கை சும்மா இருக்கும்போதுதான் வீட்டு நினைவு கனக்கும்.

பூச்சியைப் பாட்டிலில் அடைத்து வளர்க்க விடாதீர்கள். கம்பளிப்புழு பெரும்பாலும் தனக்கான இலையைத்தான் தின்னும், மாற்றிக் கொடுத்தால் பட்டினியில் சாகும்.

போனில் பேசுவதைத் தூங்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், அழுகையோடு படுக்கப்போவாள். குறித்த நாளில், பகலில், பத்து நிமிடம் போதும். "பிடிக்கலன்னா கூட்டிட்டு வந்துடுறேன்" என்று மட்டும் சொல்லவே வேண்டாம். அப்புறம் அவள் பழகப் பார்க்கமாட்டாள், நீங்கள் வரும் நாளைத்தான் எண்ணுவாள். தோட்டத்தின் படம் வாரம் ஒன்று அனுப்புங்கள். ஏதாவது செடி பட்டுப்போனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விடுமுறையில் வந்து தானே கண்டுபிடித்தால், அடுத்து நீங்கள் சொல்வதை நம்பமாட்டாள்.

பொதுவாகச் சில வாரங்களில் அழுகை குறையும். ஒரு மாதம் ஆகியும் சாப்பாடோ தூக்கமோ கெட்டிருந்தால், அடிக்கடி வயிற்றுவலி என்றால், பள்ளி ஆலோசகரையும் மருத்துவரையும் பாருங்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்வதுபோல் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.