22 வயதுக் குதிரை மெலிகிறதா? முதலில் பற்களைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் 22 வயதுப் பெண் குதிரை, கொள்ளும் தவிடும் கூட்டிக் கொடுத்தும் மெலிவதாகவும், பாதி மென்ற புல்லை உருண்டைகளாகத் துப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த உருண்டைகளைப் பார்த்தால், குறை முதலில் வாயில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. குதிரையின் பற்கள் தேயத் தேய ஈறுகளிலிருந்து மெதுவாக எழுந்துகொண்டே இருப்பதாலும், மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகன்றிருப்பதாலும், கடைவாய்ப் பற்களின் ஓரங்களில் கூர்முனைகள் உருவாகிக் கன்னத்தையும் நாக்கையும் புண்ணாக்குகின்றன. முதுமையில் பற்கள் ஆடி விழுவதும் உண்டு. கொள்ளு கொடுத்தால் உடம்பு தேறிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது, ஆனால் மெல்ல முடியாத வாய்க்கு அது உதவாது. குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் வாயைச் சோதித்து, கூர்முனைகளை அரத்தால் ராவித் தரச் சொல்லுங்கள். அன்றே இலத்தியில் புழு முட்டை உள்ளதா என்றும் பார்த்துவிடலாம்.

அதுவரை முற்றிய உலர்புல்லைத் தவிர்த்து, இளம் பசும்புல்லோடு, குதிரைமசால் (லூசர்ன்) என்ற தீவனப்பயிரின் வில்லைகளை நீரில் கூழாகும்வரை ஊறவைத்து, நாளுக்கு 4 அல்லது 5 வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தவிட்டைக் கட்டாயம் குறையுங்கள். அதில் பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறைந்திருப்பதால், நாளடைவில் எலும்புகள் வலுவிழந்து முகவெலும்பே வீங்கக்கூடும். எந்த மாற்றத்தையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள், இல்லையேல் வயிற்றுவலி வரும்.