ஆர்டர் நோட்டு

அன்புள்ள ஐயா,

பழைய தொழில்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுடையது மூன்று தலைமுறையாக நடக்கும் ஸ்டூடியோ. தாத்தா கண்ணாடி நெகட்டிவில் ஆரம்பித்தார், அப்பா ஃபிலிமில் ஓட்டினார், நான் டிஜிட்டலில் வந்து நிற்கிறேன். எனக்கு 52 வயது. மகள் வேறு வேலையில் இருக்கிறாள். இதற்குள் என்னை இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். ஆளுக்கொரு போன் இருக்கும்போது ஸ்டூடியோவுக்கு யார் வருகிறார்கள்? கலையே செத்துவிட்டது என்று தோன்றுகிறது.

பரணில் நாற்பது பெட்டி நெகட்டிவ் கிடக்கிறது. சிலவற்றைத் திறந்தால் புளித்த வாடை. நன்றாக இருப்பதில் ஒரு 200 மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மீதியைக் கழித்துவிடலாமா என்று பார்க்கிறேன். எந்த எண் யாருடைய படம் என்று எழுதி வைத்த ஆர்டர் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது, போன வருடமே தூக்கிப் போட்டுவிட்டோம். அப்பாவுக்கு 84. காலையில் தெளிவாகப் பேசுவார், சாயங்காலமானால் என்னையே யார் என்று கேட்பார். அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கடையை மூடினால் அது துரோகமா? அந்தப் படங்களை இணையத்தில் போட எனக்கு உரிமை உண்டா?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது என் அப்பாவின் ஆர்டர் நோட்டுகள் மேஜை மேல் கிடந்தன. பதினொரு நோட்டுகள். ஒரு மாதமாக அவற்றைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் உங்களுக்கு இரண்டு வரியில் ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன். இப்போது கொஞ்சம் திட்டும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். கலை செத்துவிட்டது என்கிற புலம்பலுக்கு என்னிடம் நேரம் இல்லை. 1888-இல் ஈஸ்ட்மன் நூறு படத்துக்கான ரோலை உள்ளே போட்டே கோடாக் கேமராவை விற்றார். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினால், கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்பினார்கள். இனி ஸ்டூடியோ எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். உங்கள் தாத்தா கடை திறந்தது அதற்கு அப்புறம்தானே?

இணைய உரிமை பற்றி: காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கா, எடுத்தவருக்கா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒரு வக்கீலைக் கேளுங்கள். நான் அதற்கு ஆள் இல்லை.

துரோகம் என்று பெரிய வார்த்தை போட்டிருக்கிறீர்கள். இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் 1852-இல் அலினாரி சகோதரர்கள் ஆரம்பித்த ஸ்டூடியோவை விடப் புகழ்பெற்ற குடும்ப ஸ்டூடியோ இருக்கிறதா என்று தெரியாது. லியோபோல்டோ, அவருடைய சகோதரர்கள் இருவர், பிறகு லியோபோல்டோவின் மகன் விட்டோரியோ. 1920-இல் விட்டோரியோ அதை விற்றுவிட்டார். இரண்டே தலைமுறை! அந்தப் பெயர் போய்விட்டதா? ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட படங்களோடு அந்த ஆவணக் காப்பகம் இன்று டஸ்கனி மாநில அரசின் கையில் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு பக்கம் நம் நாட்டுப் புகழ்பெற்ற புகைப்படக்காரர் தீன் தயாள். ரூர்க்கியில் பொறியியல் படித்துவிட்டு இந்தூரில் அரசு வேலை பார்த்தவர். அவருக்கு யாரும் ஸ்டூடியோவை எழுதி வைக்கவில்லை. உங்கள் தாத்தாவுக்கும் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மகளை விட்டுவிடுங்கள். அவள் தன் பாட்டுக்கு இருக்கட்டும்.

ஆனால் அலினாரி கடைக்காரர்கள் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தார்கள். ஒவ்வொரு நெகட்டிவுக்கும் எண் போட்டு, எந்த எண் எந்த இடம், எந்தச் சிற்பம் என்று பட்டியல் அச்சடித்தார்கள். கலை வரலாற்றுப் புத்தகங்கள் அந்த எண்ணைச் சொல்லியே படத்தைக் குறிப்பிட்டன. கடை கை மாறியபோது எண்ணும் பட்டியலும் சேர்ந்தே போயின. அதனால்தான் அது பிழைத்தது.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஒரே வரியில், ஏதோ பழைய செருப்பைப் போட்டதுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கரையான் நோட்டை முழுசாகவா தின்றது? ஓரத்தைத் தின்றிருக்கும், முதுகைத் தின்றிருக்கும். பக்கத்தின் நடுவில் எழுத்து இருந்திருக்கும். ஒரு பக்கத்தையாவது படம் எடுக்கத் தோன்றவில்லையா? உங்கள் தொழிலே படம் எடுப்பதுதானே ஐயா?

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவும் ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் அதில் வளர்ந்தவன். நெகட்டிவ் காய்ந்ததும் அதன் ஓரத்தில் மெல்லிய நிப்பால் கறுப்பு மை தொட்டு எண் எழுதுவார், மருந்து பூசிய பக்கத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி. பிரிண்ட் போடும்போது மருந்துப் பக்கம் காகிதத்தைப் பார்த்துப் படுக்கும், அப்போதுதான் எண் நேராக, வெள்ளையாக விழும். இடவலம் மாறிய நாலையும் ஏழையும் அவர் யோசிக்காமல் எழுதுவார். நான் பள்ளியில் சேரும்போது எனக்கு அந்த எண்கள்தான் நன்றாகத் தெரியும். நேரான 7-ஐப் பார்த்து இது தப்பு என்று டீச்சரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

எண்ணை எழுதியதும் அதே மையால் நோட்டில் ஒரு வரி. பெயர், தேதி, எத்தனை காபி, முன்பணம். அதற்குப் பக்கத்தில் அவருக்கு மட்டும் தேவையான ஒரு குறிப்பு. இப்போது என் முன்னால் திறந்திருக்கும் பக்கத்திலிருந்து, பெயர்களை விட்டுவிட்டுத் தருகிறேன்:

"4417. கைக்குழந்தை. நாலு வீண். ஐந்தாவதில் சிரித்தது."

"4420. மூவர். நடுவில் நிற்பவர்தான் பணம் தருவார்."

"4431. கன்னத்தில் தழும்பு. டச்சிங் வேண்டாம் என்கிறார்."

4431-ஐ நான் பார்த்திருக்கிறேன். டச்சிங் மேஜை ஜன்னலோரம் இருக்கும். சாய்வுப் பலகை, நடுவில் தேய்த்த கண்ணாடி பதித்த ஓட்டை, கீழே வெளிச்சத்தை மேலே தள்ள ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பென்சில் முனையை உப்புக்காகிதத்தில் உருட்டி உருட்டி ஊசியாக்குவார். சுருக்கமும் கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பும் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகப் பென்சில் கரியை ஏற்றினால் பிரிண்டில் காணாமல் போகும். கேட்காமலே எல்லோர் முகத்திலும் செய்வது வழக்கம். அன்றைக்கு அந்த மேஜையில் தழும்போடு ஒரு முகம், அப்பா கையில் பென்சிலோடு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் பென்சிலை வைத்துவிட்டார். ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்டேன். "அவர் மூஞ்சி, அவர் இஷ்டம்" என்றார்.

அந்த நெகட்டிவ் இப்போது இல்லை. எதுவுமே இல்லை. அப்பா போன அடுத்த மாதம் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்க எடைக்கு வாங்குவார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரு வேன் வந்தது. பெட்டிகளை வேனில் ஏற்றிய இரண்டு பேரில் நான் ஒருவன். எனக்கு அப்போது 27 வயது, இலக்கியம் எல்லாம் படித்திருந்தேன், மனிதர்களைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டும் இருந்தேன். நோட்டுகள் தப்பியதற்குக் காரணம் நான் இல்லை. அம்மா அவற்றின் வெற்றுப் பக்கங்களில் வீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், அதனால் அவை வீட்டில் கிடந்தன.

ஆக, என்னிடம் பெயர்கள் இருக்கின்றன, முகங்கள் இல்லை. உங்களிடம் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. எது மேல் என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். உங்கள் பக்கம்தான் கொஞ்சம் மேல். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் அந்த 200 என்கிற எண். நன்றாக இருப்பது எது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? வெளிச்சம், நிற்கிற தோரணை, ஃபோகஸ், இதையெல்லாம் வைத்துத்தானே? அது உங்கள் தாத்தாவின் திறமைக்கு நீங்கள் போடும் மார்க். வாடிக்கையாளருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே படம்தான் எடுத்திருப்பார்கள், அதில் அவர் கண் மூடியிருப்பார். அது உங்கள் 200-இல் வராது.

இங்கிலாந்துக்குத் தென்மேற்கே சில்லித் தீவுகளில் கிப்ஸன் என்று ஒரு குடும்பம். 1869 தொடங்கி நான்கு தலைமுறையாக அங்கே பாறையில் மோதி உடைந்த கப்பல்களைப் படம் எடுத்தவர்கள். கனமான கேமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் படகில் ஏற்றிக்கொண்டு போய் எடுத்த படங்கள். 2013-இல் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்த நெகட்டிவ்களை வாங்கியது. கூடவே கப்பல் விபத்துகளைப் பற்றிக் கைப்பட எழுதிய பேரேடும் போனது. பேரேடு இல்லையென்றால் அவை வெறும் உடைந்த கப்பல்கள். எந்தக் கப்பல், என்றைக்கு, என்ன நடந்தது என்று அதில்தான் இருக்கிறது. நல்ல நெகட்டிவாக நூறைப் பொறுக்கிக்கொண்டு பேரேட்டை அந்தக் குடும்பம் கரையானுக்குக் கொடுக்கவில்லை.

புளித்த வாடைக்கு வருகிறேன், அது அவசரம். அது அசிடேட் ஃபிலிம் சிதைகிற வாடை. வெளிவரும் அமிலம் பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். வாடை வருகிற பெட்டிகளை இன்றைக்கே தனி அறைக்கு மாற்றுங்கள். பரண் வேண்டாம், சூடு ஆகாது. ஸ்கேன் செய்வதாக இருந்தால் அவற்றை முதலில் செய்யுங்கள், சுருங்கிவிட்டால் மருந்துப் படலம் கிளம்பி வரிவரியாக மடிந்துவிடும். 1950-க்கு முந்தைய ஃபிலிம் ஏதாவது மஞ்சளாகி, பிசுபிசுத்து, கையில் ஒட்டினால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும் சாமான் அது. வீட்டில் வைக்காமல் ஏதாவது ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். கண்ணாடித் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். உறைக்குள் போடுவதற்கு முன்பே உறை மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நோட்டைத் தூக்கிப் போட்டவரிடம் எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

கடையைப் பற்றித்தான் கேட்டீர்கள், இல்லையா? வருமானம் வாடகைக்கே காணவில்லை என்றால் மூடுங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. காலையில் அப்பா தெளிவாகப் பேசுவார் என்று. நீங்கள் தூக்கிப் போட்ட நோட்டில் பாதியாவது அவர் தலைக்குள் இருக்கும், சாயங்காலத்துக்குச் சாயங்காலம் கரைந்துகொண்டும் இருக்கும். உங்கள் பக்கம் கொஞ்சம் மேல் என்று சொன்னது இதனால்தான். என் பதினொரு நோட்டையும் எந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்?

நாளைக் காலை ஒரு பெட்டியை இறக்குங்கள், வாடை வருகிற பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். லைட் பாக்ஸ் இருந்தால் சரி, இல்லையென்றால் ஜன்னல் போதும். ஸ்கேன் செய்து நேர்ப்படமாக்கிக் காட்ட வேண்டாம். அந்தக் காலத்து ஆள், நெகட்டிவிலேயே முகம் தெரியும் அவருக்கு. வெள்ளை முடியும் கறுப்புப் பல்லுமாக இருந்தாலும் இது இன்னார் என்று சொல்லிவிடுவார். போனை ஒலிப்பதிவில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பெயர் வரவில்லை என்றால் விரட்டாதீர்கள், யார் கூட வந்தார், எதற்கு வந்தார் என்று கேளுங்கள், அதிலிருந்து பெயர் வரும். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் காட்டாதீர்கள். களைத்துவிடுவார்.